பன்னிரண்டாவது பேரு

ஏம்மா, பேனா வச்சிருக்கியா? இருக்கா? அப்படின்னா கொஞ்சம் நகந்துக்கோ, நானும் உக்காந்துக்கிடுதேன். பேனா மட்டும் போதாது தாயி, ஒரு மனு எழுதித் தரணும். கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். உன் டோக்கன் எத்தன? நாப்பத்தி ஒண்ணா? எனக்கு முப்பத்தெட்டு. இப்பதான் பத்தொம்பது உள்ள போயிருக்கு. நேரம் கெடக்கு. அந்தா பாரு ஃபேன, சுத்துது, காத்து மட்டும் வரல. எஸ்.பி. ஆபீஸ்னு பேருதான் பெருசு.

நீ எதுக்கு வந்த? நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போறியா, அதுக்குப் போலீஸ் சர்டிபிகேட்டா? நெனச்சேன். இப்ப எங்க போனாலும் அதத்தான் மொத கேக்கான். உனக்கென்ன, கேஸா வழக்கா, இந்த வாரமே வந்துரும். எங்க மருமகனுக்கு மூணு மாசமா இழுத்தடிக்கானுவ. மருமகன்னா மகளக் கட்டுனவன் இல்லம்மா, கூடப் பொறந்த அண்ணன் மகன். ஆறுமுகநயினார். நாங்க நயினார்னு கூப்புடுவோம்.

இந்தா பேப்பரு. மேல அனுப்புநர்னு போட்டு எடம் விட்டுரு, அதக் கடைசில பாத்துக்கிடலாம். பெறுநர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள். பொருள், காவல் துறை சரிபார்ப்பில், காவல் துறையால் ஏற்பட்ட தவறு. "காவல் துறையால்"ங்கத நல்லா அழுத்தி எழுது. நான் யாருக்கும் பயந்தவ இல்ல. அஞ்சு வருஷம் வார்டு மெம்பரா இருந்தவ. லிங்கம்மா மெம்பருன்னு எங்க ஊருப் பக்கம் கேட்டுப் பாரு.

விஷயத்தச் சொன்னாத்தான் உனக்கு எழுத வரும். எங்க ஊருக்குக் கெழக்க, கடல் ஓரமா ஒரு எண்ணெய்க் கம்பெனி இருக்கு. கப்பல்ல வார பெட்ரோல எறக்கி பெரிய பெரிய டேங்குல நெரப்பி வைக்க எடம். உள்ள ஒரு பொறி விழுந்துச்சுன்னா சுத்துப்பட்டு நாலு ஊரும் காலி. அதனால தீப்பெட்டி உள்ள போகக் கூடாது, செல்போன் போகக் கூடாது, பேருல கேஸ் இருக்க ஆளும் போகக் கூடாது. அது சரிதான், நான் தப்புன்னு சொல்லல. கண்ட காலிப் பயலையும் உள்ள விட்டா ஊரு என்னாவுறது? ஆனா நயினார் காலிப் பயலா? நீயே சொல்லு. ஓ, நீ அவனப் பாத்ததில்லல்லா.

பாத்திருந்தா சொல்லுவ. வெல்டர். மஸ்கட்ல எட்டு வருஷம் இதே மாதிரி பெட்ரோல் டேங்குலதான் வேல பாத்தான். ஒரு பீடி கெடையாது, ஒரு குடி கெடையாது. அங்கயே இருந்திருப்பான். போன ஐப்பசில எங்க அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துட்டு. பேச்சும் போயிட்டு. மதினி செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. தூக்கி உக்கார வைக்க, குளிப்பாட்ட, வாயில கஞ்சி ஊத்த யாரு இருக்கா? நயினார்தான் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தான். வந்த ரெண்டாம் மாசமே கம்பெனி காண்ட்ராக்டரு அவன் கை வேலையப் பாத்துட்டு, நாளைக்கே வந்து சேருன்னுட்டாரு. வீட்டுலருந்து சைக்கிள்ல போற தூரம். மத்தியானம் வந்து அப்பாவுக்கு சோறு குடுத்துட்டுப் போலாம். அவனுக்கு வேற என்ன வேணும்? கேட் பாஸுக்குப் போலீஸ் சர்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி.

அந்த ஒண்ணு வந்துச்சும்மா. "பாதகமான குறிப்பு உண்டு"ன்னு வந்துச்சு. என்ன குறிப்பு? கொலையா? கொள்ளையா? ஏழு வருஷத்துக்கு முன்னால பஸ்ஸுல கல்ல எறிஞ்சு கண்ணாடிய ஒடச்சானாம். நீலச் சட்ட போட்டுக்கிட்டு எறிஞ்சானாம். அப்புறம் கோர்ட்டுக்கு வராம தலைமறைவா ஆயிட்டானாம், பிடிவாரண்ட் இருக்காம்! பெத்த தகப்பன்ட்ட தெனமும் வீடியோவுல பேசுன பய, தலைமறைவாம்! எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த ஸ்டேஷன் வாசல்லயே நின்னு சத்தம் போட்டேன். ஏய்யா, அந்த வருஷம் அவன் இந்த நாட்டுலயே இல்லியே! மஸ்கட்டு போயி ஒரு வருஷம் ஆயிருந்துச்சே! ஒருத்தன் பேர எழுதுனா, அந்த ஆளு ஊருல இருக்கானா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கானான்னு விசாரிக்க வேண்டாமா? யாரோ என்னத்தையோ சொன்னா அப்படியே எழுதிருவியளா? உங்களுக்குக் கண்ணு எங்கய்யா இருந்துச்சு? இப்படித்தான் கேட்டேன்.

அன்னைக்குப் புடிச்ச அலைச்சல். ஸ்டேஷன்ல கேட்டா கோர்ட்டுக்குப் போங்காவ. கோர்ட்டுல கேட்டா ஸ்டேஷன்ல போய் வாரண்ட முடிச்சுட்டு வாங்காவ. கம்ப்யூட்டர்ல ஏறிட்டும்மா, எறங்காதுன்னு ஒரு சின்னப் பய சொல்லுதான். ஏறத் தெரிஞ்சதுக்கு எறங்கத் தெரியாதா? எம்.எல்.ஏ. வீட்டுக்கு நாலு தடவ நடந்தேன். திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டேன். காண்ட்ராக்டரு கால்ல விழாத கொறைதான், வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவேன்னு சொல்லிட்டாரு. இன்னைக்குப் புதன். திரும்ப வெளிநாடு போலாம்னா பாஸ்போர்ட்டு தேதி முடியப் போவுது, புதுப்பிக்கவும் இதே போலீஸ்தான் எழுதணும். அங்கயும் போவ முடியாது, இங்கயும் நொழைய முடியாது. நோயாளிய வச்சுக்கிட்டு அந்தப் பய என்ன செய்வான்?

என்ன கேட்ட? கல்லு எறிஞ்சது நெசமா எப்ப, எதுக்குன்னா? அது தண்ணிக்காக நடந்த மறியல். இருவத்தி மூணு நாளா தண்ணி லாரி வரல. நான் மெம்பரு, சும்மா இருப்பனா? அம்பது பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு காலிக் கொடத்தோட மெயின் ரோட்டுல உக்காந்துட்டேன். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நான்தான் நடுவுல இருப்பேன். எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. ஒரு பஸ்ஸு மட்டும் ஒதுங்கிப் போகப் பாத்துச்சு, கூட்டத்துலருந்து ஒரு கல்லு பறந்துச்சு, முன் கண்ணாடி பொல பொலன்னு கொட்டிட்டு. டிரைவருக்கு நெத்தியில வெட்டு. நாலு தையல். அவ்வளவுதான்.

அவ்வளவுதானான்னு கேக்காத. கண்ணு போகலல்லா.

பொழுது சாயங்காட்டியும் எஸ்.ஐ. பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்துட்டாரு. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்க ஊருல இருக்கோ என்னமோ. ஊருல வம்புன்னா போலீஸு வீடு வீடா நொழையாது. மெம்பரக் கூப்புட்டு, இத்தன பேரு வேணும், நீங்களே எழுதிக் குடுத்துருங்கம்பாவ. குடுத்துட்டா கண்ணியமா போயிருவாவ. குடுக்கலன்னா கைக்குக் கெடச்ச ஆம்பளைய எல்லாம் வேன்ல ஏத்திட்டுப் போயிருவாவ. அதனால ஊரே சேந்து பேரு குடுத்துரும். அதுலயும் ஒரு நியாயம் பாத்துத்தான் குடுக்கும். பரீட்ச எழுதுற பிள்ள பேரு கூடாது, கல்யாணம் பேசி வச்சிருக்க பய பேரு கூடாது. வயசானவன், வேல வெட்டி இல்லாதவன், இப்படி. பக்கத்து ஊருல ஒரு தடவ செத்துப் போனவரு பேரையே குடுத்துட்டாவ. பதினாறாம் நாள் சாப்பாட்டுல சம்மன் வந்து நிக்கி! சிரிக்காத. எழுது.

அன்னைக்குப் பன்னிரண்டு பேரு வேணும்னாரு. பதினோரு பேரு மறியலுக்கு. அவங்க எல்லாம் கோர்ட்டுக்குப் போனாவ, அபராதத்தக் கட்டுனாவ, அன்னைக்கே முடிஞ்சுட்டு. ஓட்டல்ல புரோட்டா தின்னுட்டு வந்தாவ. பன்னிரண்டாவது பேருதான் கல்லு எறிஞ்சவன் பேரு. நீலச் சட்ட போட்ட சின்னப் பையன்னு டிரைவரு சொல்லிட்டாரு. அவன் பேரு இல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்னு எஸ்.ஐ. சேரப் போட்டு உக்காந்துட்டாரு. என்ன செய்ய?

யாரு குடுத்தாவளா? மெம்பருதான் குடுக்கணும். மெம்பரு யாரா? ஏம்மா, இப்பத்தான சொன்னேன். நான்தான் மெம்பரு. நான்தான் எழுதிக் குடுத்தேன். அதுக்கென்ன இப்ப? நயினார் பேர எதுக்குக் குடுத்தேன்? அவன் மஸ்கட்ல இருந்தான், அதுக்குத்தான் குடுத்தேன்! இருக்க ஆளு பேரக் குடுத்தா புடிச்சு அடிப்பான். இல்லாத ஆள யாரு புடிக்க முடியும்? யாருக்கும் ஒரு அடி விழாம, ஒரு கண்ணீர் சிந்தாம முடிச்சு வச்சேன். ஊரே என் புத்தியப் பாராட்டுச்சு. எங்க அண்ணனுக்குக் கூடச் சொல்லல, வீணா எதுக்கு அவருக்குக் கவலைன்னு. நாலு நாள்ல ஃபைல மூடிருவானுவன்னு நெனச்சேன். இப்படி ஏழு வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருப்பானுவன்னு எனக்குச் சோசியமா தெரியும்? வேற எதத்தான் இந்தக் கவருமெண்டு இப்படிப் பத்திரமா வச்சிருக்கு? என் நெலத்துப் பட்டாவ ரெண்டு தடவ தொலைச்சானுவ.

நீலச் சட்ட யாருன்னு கேக்கியா. யாரோ. கூட்டத்துல எத்தன நீலச் சட்ட. நல்ல சட்டைதான், முழுக்கை, அந்த வருஷப் பொங்கலுக்கு டவுன்ல ஆறு கடை ஏறி எறங்கி நான் எடுத்து...

எடுத்துக் குடுத்தேன். ஆமா. எடுத்துக் குடுத்தா என்ன? என் மகன் போட்டிருந்தான். பத்தொம்பது வயசு, பாலிடெக்னிக் கடைசி வருஷம். வெயில்ல அம்மா ரோட்டுல உக்காந்திருக்கா, பஸ்ஸுக்காரன் ஏத்துத மாதிரி வாரான், பய ரத்தம் கொதிக்காதா? நீ என்ன அப்படிப் பாக்க? உனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ள பொறக்கட்டும், அப்புறம் பேசுவோம்.

செந்தூருன்னு பேரு. தங்கமான பய. இப்ப அதே கம்பெனிலதான் இருக்கான், நாலு வருஷம் ஆச்சு. சேஃப்டில. கேட்டுல நிக்கான். வாரவன் பையில தீப்பெட்டி இருக்கா, பாஸு சரியா இருக்கான்னு பாத்து உள்ள விடுத வேல. அவனுக்குப் போலீஸ் சர்டிபிகேட் எட்டே நாள்ல வந்துச்சு தெரியுமா? ஒரு கறை கெடையாது. ஸ்டேஷன்ல ஏட்டையாவே சொன்னாரு, உங்க பையன மாதிரி பிள்ளைங்கதான் இந்த எடத்துக்கு வேணும்னு. எனக்கு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம்.

சரி, எது வரைக்கும் எழுதியிருக்க? இங்க குடு. "சம்பவம் நடந்த அன்று மேற்படி நபர் வெளிநாட்டில் இருந்தார் என்பதை அவரது பாஸ்போர்ட் மூலம்..." அய்யய்யோ, இத எதுக்கு எழுதுன? அடி. நல்லா அடிச்சு விடு, கீழ எழுத்துத் தெரியக் கூடாது.

என்ன? கண்ணாடி இல்லாம எப்படிப் படிச்சேன்னு பாக்கியா? சரி, பையிலதான் இருக்கு கண்ணாடி. ஒன்ட்ட எதுக்கு மறைக்க. எனக்கு எழுதவும் தெரியும். பஞ்சாயத்துத் தீர்மானம் பூரா என் கைதான், முத்து முத்தா இருக்கும். அதாம்மா தொந்தரவு. அந்தப் பன்னிரண்டு பேரு லிஸ்டும் என் கையெழுத்துலதான் ஃபைல்ல இருக்கு. இந்த மனுவும் அதே கையில போனா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆவும்?

ஸ்டேஷன் வாசல்ல வாயால கத்துனது காத்தோட போயிரும். அவன் வெளிநாட்டுல இருந்தான்னு எழுத்துல குடுத்தா அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப நீலச் சட்ட யாருன்னு வரும். மெம்பரம்மா, நீங்கதான எழுதிக் குடுத்தியன்னு வரும். நான் என்னன்னு சொல்ல? செந்தூர கேட்ட விட்டு வெளிய தள்ளிருவானுவ. ஒரு கண்ணுல சுண்ணாம்பு, ஒரு கண்ணுல வெண்ணெயான்னு நீ நெனைப்ப. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா. சத்தியமா ஒண்ணுதான். அதுக்குத்தான ரெண்டு பேருக்கும் கெடுதல் இல்லாம ஒரு வழி தேடி மூணு மாசமா செருப்புத் தேய அலையுதேன்.

நயினாரும் புரிஞ்ச பய. இருவது நாளைக்கு முன்ன வக்கீலப் புடிச்சு கோர்ட்டுலருந்து கேஸ் கட்டு நகல் எல்லாம் வாங்கிட்டு வந்தான். அன்னைக்கு நேரா என் வீட்டுக்குத்தான் வந்தான். மீன் கொழம்பு வச்சிருந்தேன், சாப்புடுலேன்னேன், வேண்டாம்னுட்டான். தண்ணி மட்டும் குடிச்சான். பாஸ்போர்ட்ட எடுத்து என் முன்னால வச்சான். "அத்த, இத நீங்களே வச்சுக்கோங்க. குடுக்கணும்னா நீங்களே குடுங்க"ன்னான். அவ்வளவுதான் பேசுனான். எம்மேல எவ்வளவு மரியாத பாரு. நகல்ல எல்லாப் பக்கமும் இருக்குமான்னா கேக்க? லிஸ்டுமா? இருக்கும். இருந்தா என்ன? அவனுக்கு என் கையெழுத்து... தெரியும். ஸ்கூல் லீவு லெட்டர் எல்லாம் நான்தான் எழுதிக் குடுப்பேன்.

தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாம்மா. கேக்கலியே.

அன்னைக்குப் போனவன் அப்புறம் வீட்டுப் பக்கம் வரல. வேல இல்லாத கவல, வேற என்ன. நானே போய் அண்ணனப் பாத்துட்டு வரலாம்னு போன வாரம் ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். நான் மெம்பருக்கு நின்னப்ப வீடு வீடா ஏறி எந்தங்கச்சிக்கு ஓட்டுப் போடுங்கன்னு கையெடுத்துக் கும்புட்டவரு எங்க அண்ணன். கட்டில் பக்கத்துல போயி, அண்ணே, லிங்கம்மா வந்திருக்கேன்னு சொன்னேன். என் முகத்தப் பாத்தாரு. நல்ல கையால கட்டில் சட்டத்தப் புடிச்சு, கஷ்டப்பட்டு, மூச்சு வாங்க, சொவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அரை மணி நேரம் இருந்தேன். திரும்பல. அந்த நோவுக்கு அப்படித்தான் இருக்குமாம், ஆள் அடையாளம் தெரியாதாம்.

வெயிலு கண்ணுல அடிக்கி. கண்ணீர் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுது. முப்பத்தஞ்சு போயிட்டு.

மேல உள்ளது எல்லாத்தையும் விட்டுரு, அந்தத் தாளக் கிழி. இந்தா வேற தாளு. எம்.எல்.ஏ. வீட்டுல ஒரு ஆளு சொன்னாரு, சண்டையா எழுதாதிய, மன்னிப்பா எழுதுங்க, பெரிய அதிகாரி மனசு எறங்குனா எல்லாம் நடக்கும்னு. நீ எழுது. "ஐயா, அறியாத வயதில், கூட்டத்தோடு கூட்டமாக, ஆத்திரத்தில் செய்த தவறு." எழுதிட்டியா? "அதன் பிறகு பயத்தில் வெளிநாடு சென்று விட்டேன்." பரவால்ல, முன்ன பின்ன ஒரு வருஷம் யாரு பாக்கா. "என் தந்தை படுத்த படுக்கையாக உள்ளார். இனி ஒருபோதும் இப்படி நடக்க மாட்டேன். கருணை கூர்ந்து என் பெயரை நீக்கி..." ஏன் நிறுத்திட்ட? எழுதும்மா. நீ சொல்லுத மாதிரி இது தப்ப ஒத்துக்கிடுத மாதிரியே இருக்கட்டும், ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போயிரும்? வேல கெடச்சா போதும்லா. அவன்ட்ட சொல்லிக்கிடுதேன். அப்புறமா சொல்லிக்கிடுதேன்.

கீழ இணைப்புன்னு ஒரு வரி போடணும்ல. பாஸ்போர்ட்டா? பையிலதான் இருக்கு, இந்தா, இந்த மஞ்சப் பையில, கண்ணாடிக்கூட்டுக்குக் கீழ. நான் போற எடத்துக்கெல்லாம் வருது அது. வீட்டுல வச்சா செந்தூரு எடுத்துப் பாத்துருவான்னுதான். இணைப்பு, இல்லைன்னு போடு.

போட்டியா? நல்லது. முப்பத்தேழு கூப்புடுதான். இப்ப மேல அனுப்புநர் எழுது. என் பேரு இல்லம்மா, எம்பேர எதுக்கு இழுக்க? பாதிக்கப்பட்டது அவன்தான, அவன் பேரப் போடு. ஏன் பேனாவ மூடுத? ஒரு பேருதான. ஏம்மா, எங்க எந்திரிக்க? உன் டோக்கன் நாப்பத்தி ஒண்ணுதான, அதுக்குள்ள என்ன அவசரம்? அந்தப் பெஞ்சுல மட்டும் காத்து வருதா?

போ. போ தாயி. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு ஒத்தாச செய்ய மனசு கெடையாது.

முப்பத்தெட்டா? இருக்கேன் சார், வாரேன் சார், ஒரே நிமிஷம்! பேனா எங்கிட்டயும் இருக்கு. ஒரு வரிதான, அதுல என் கையெழுத்து என்ன தெரிஞ்சிரப் போவுது. ஆறுமுகநயினார். ஏற்கெனவே ஒரு தடவ எழுதுன பேருதான், கை தானா எழுதிரும்.